சமதரையில் முப்பது நிமிடம்

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆம் திகதி, திங்கட்கிழமை. கண்டியில் அன்று காலை வானம் தெளிந்திருந்தது. ஏழு மணி வரை குளிர் கடுமையாக இருந்து, பின்னர் வெயில் ஏறியது. கலஹாப் பக்கத்து மலைகளில் மட்டும் எதிரே வருபவரின் முகம் தெரியாத பனிமூட்டம் இருந்ததாக, முதல் பஸ்ஸில் பேராதனைக்கு வந்து அங்கிருந்து மறு பஸ் ஏறிவந்த என் அண்ணன் யோகராஜ் சொன்னார்.

அண்ணனுக்கு வயது நாற்பத்தெட்டு. கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர். முந்திய டிசம்பரில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அம்மாதம் 27 ஆம் திகதி நெஞ்சறையைத் திறந்து, அடைபட்ட மூன்று இரத்தக் குழாய்களுக்கு மாற்றுவழி அமைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தது. ஆரோக்கியமான இதயமானது தன்னுள் நிறையும் இரத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும். அண்ணனின் இதயம் முப்பதையே தள்ளியது. எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அவர் அந்த முப்பதைக் கொண்டே நடத்த வேண்டியிருந்தது.

நான் கண்டியிலுள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தின் இயன்மருத்துவப் பிரிவில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். இயன்மருத்துவம் என்பது நோயாலோ, காயத்தாலோ, சத்திரசிகிச்சையாலோ குன்றிப்போன அசைவை மீட்டுத் தரும் துறையாகும். படுத்திருப்பவரை உட்கார வைத்தலும், உட்கார்ந்தவரை எழுப்புதலும், எழுந்தவரை நடக்க வைத்தலும் அதன் பணிகளுட் சில. பதினான்கு வயதில் பள்ளியை விட்டுக் கொழுந்துக் கூடை சுமந்த நான், முப்பத்தேழாவது வயதில் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்து, நாற்பதாவது வயதில் இப்பணிக்குரிய பயிற்சியை நிறைவு செய்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உடற்கூற்றியல் நூலொன்றைத் தன் சொந்த நூலாக வைத்திருந்த முதல் ஆள் நானே. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

அன்று எங்கள் பிரிவின் இயன்மருத்துவரான ஷிஹாப், அண்ணனை நடைக்கூடத்தில் ஆறு நிமிடங்கள் நடக்கச் செய்தார். பின்னர் ஒரு மாடி உயரத்துக்குப் படி ஏறச் செய்தார். நெஞ்செலும்பு பொருந்தியிருந்தது. தோள்கள் தடையின்றி உயர்ந்தன. ஆழ்ந்து மூச்செடுக்கவும், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவும் அவர் நன்கு பழகியிருந்தார்.

"அண்ணன், என்ட வேல முடிஞ்சிது. இனி என்னத் தேடி வராதீங்க. வந்தா கோவிச்சிக்கொள்ளுவன்" என்றார் ஷிஹாப்.

"அப்ப ஓட்டப் பந்தயத்துக்குப் பேரு குடுக்கலாங்களா சேர்?" என்று அண்ணன் கேட்டார்.

"முதல்ல மேல் மாடிக்குப் போங்க. ஷஹ்மா மிஸ் ஈக்கிறாங்க. ஓடலாமா, நடக்கலாமா, எவ்வளவு நடக்கலாம்டு அவங்க தான் சொல்லணும்." அவர் ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். "சுதர்சினி, நீங்களே கூட்டிக்கொண்டு போங்க."

ஷஹ்மா வெளிநாட்டில் உடற்பயிற்சி உடலியல் பயின்று, முந்திய ஆண்டுதான் எங்கள் நிலையத்தில் சேர்ந்தவர். வயது இருபத்தேழு. வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரு தினங்களில் மட்டும் வருவார். அவருடைய அறையில் நடைப்பொறி ஒன்றும், இதயத் துடிப்பை வரைந்துகாட்டும் கருவியொன்றும் இருந்தன. கட்டிலோ, சுடுநீர் ஒத்தடமோ, வலி நீக்கும் இயந்திரமோ இல்லை. அவர் எவருடைய கைகால் மூட்டையும் தொட்டு நான் கண்டதில்லை. நோயாளர்களை நடக்க வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான் என்று நான் எண்ணியிருந்தேன்.

படிக்கட்டின் அடியில் அண்ணன் நின்றார்.

"மேல போவணுமா புள்ள? பஸ்ஸ விட்டா அடுத்தது நாலு மணிக்குத்தான்."

"என்னாத்துக்கு அண்ணே? அதுவும் பயிற்சி தானே. இங்க செஞ்சதயே அங்கயும் செய்யச் சொல்லுவாங்க. நானே எழுதித் தர்றேன்."

"ஒனக்கு அதெல்லாம் தெரியுமா?"

"ஏழு வருசமா என்னா பண்றேன் இங்க? தரை கூட்டுறேன்னு நெனச்சீங்களா?"

அண்ணன் சிரித்தார். "கோவிச்சிக்காத டாக்டரம்மா. நீ சொன்னாச் சரி."

அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. என்னைவிடப் பதினேழு வயது இளைய ஒருத்தியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, என் அண்ணனைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்க நான் விரும்பவில்லை. உண்மையான காரணம் இதுவே. பஸ் நேரம் ஒரு சாக்கு மட்டுமே. கடிதத்தை என் கோப்பினுள் வைத்தேன். வெள்ளைத்தாளொன்றில் பின்வருமாறு எழுதினேன்: 'தினமும் காலையில் முப்பது நிமிடம் சமதரையில் நடக்கவும். பாரம் தூக்குதல் கூடாது.' கீழே திகதியிட்டுக் கையொப்பமும் இட்டேன்.

நான் எழுதியதில் பிழையான சொல் எதுவும் இல்லை. எழுதப்பட்ட இடம் தட்டைத் தரையுள்ள ஒரு கட்டடமாகவும், வாசிக்கப்படும் இடம் ஒரு மலையாகவும் இருந்ததே பிழை. எங்கள் தோட்டத்தில் சமதரை என்று சொல்லத்தக்கது ஒன்றே உண்டு. அது தொழிற்சாலைக்கு முன்னால், காலையில் தொழிலாளர்களை அழைத்து வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம். மற்றையவை யாவும் படிகள், சரிவுகள், கான் எனும் வடிகால் ஓரத்து ஒற்றையடிப் பாதைகள். அங்கே பிறந்து முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு இது தெரியாததன்று. ஆயினும் பேனையைக் கையில் எடுத்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

பின்னர் நடந்தவற்றை அண்ணனின் மகள் நிலூஷா வாயிலாகவே அறிந்தேன். அவள் பல்லேகலையிலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறாள். வார நாட்களில் விடுதியில் தங்கி, சனிக்கிழமை வீடு திரும்புவாள். அவள் அந்த வாரம் விடுப்பில் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் சுத்தமான சட்டை அணிந்து பிரட்டுக்களத்துக்குச் சென்று, அதைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். பிரட்டுக்கு வந்த பெண்கள் கூடையும் கையுமாக நின்று பார்த்தார்கள். தோட்டத்தில் வெறுங்கையோடு நடப்பவர் எவரும் இல்லை. விறகோ, தண்ணீர்க் குடமோ, கத்தியோ, குழந்தையோ, ஏதேனும் ஒன்று கையிலோ தலையிலோ இருக்கும். கையை வீசிக்கொண்டு நடப்பவர்கள் துரையும், மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகளும் மாத்திரமே.

முதலில் வாயைத் திறந்தவர் பக்கத்து லயத்துக் கறுப்பையா. அண்ணனின் சிறுவயதுத் தோழர்.

"சலாங்க தொரை! இன்னைக்கு எத்தன கிலோங்க எடுக்கணும்?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அண்ணே, பொண்ணு பாக்க வந்தீங்களா? அண்ணிக்குத் தெரியுமா?" என்றாள்.

"டாக்டரு நடக்கச் சொன்னாரு" என்றார் அண்ணன்.

"நடந்து எங்க போறீங்க? பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்றீங்க!" என்றார் கறுப்பையா. "செக்கு மாட்டுக்காச்சும் எண்ணெய் வரும்."

அண்ணனும் சிரித்தார். மூன்று நாட்கள் அவ்வாறு நடந்தார். வெள்ளிக்கிழமை காலை அவர் பழைய சட்டையை அணிந்து, அரிவாளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு லயத்துக்கு மேலேயுள்ள மேமலைக்குச் செல்லும் பாதையில் ஏறினார். வீட்டில் ஒரு பசு இருந்தது. முப்பது நிமிட நடையின் முடிவில் ஒரு புல்லுக்கட்டும் கிடைத்தது. எவரும் சிரிக்கவில்லை.

நான் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் விசாரித்தேன்.

"நடந்தீங்களா அண்ணே?"

"நடந்தேன் புள்ள. முப்பது நிமிசம். கூடவே இருக்கும்."

"மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

"அது ஒடம்பு பழகுற அறிகுறி. விட்டுடாதீங்க."

இவ்வாக்கியத்தை நான் ஒரு நூலில் வாசித்திருந்தேன். அது விளையாட்டு வீரர்களைப் பற்றிய அத்தியாயம். எங்கே நடந்தீர்கள் என்றோ, கையில் என்ன இருந்தது என்றோ நான் ஒருநாளும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் திகதிக்கு எதிரே '30' என்று எழுதினேன். பத்தொன்பது நாட்களுக்குப் பத்தொன்பது முப்பதுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

இடையில் ஒருநாள் ஷிஹாப், ஒரு நோயாளியின் முழங்காலை மடக்கியவாறே, "அண்ணன் ஷஹ்மாட்ட போறாரு தானே?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். வாயால் பொய் சொல்லவில்லை.

மார்ச் 3 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் தண்ணீர் பிடிக்கும் பைப்படியிலிருந்து லயத்துக்குப் பன்னிரண்டு படிகள் ஏறி வந்து, என்னோடு பேசாமல் முதலில் கதிரையில் அமர்ந்தார். அவருடைய மூக்கு மடல்கள் விரிந்து சுருங்கின. பின்னரே, "எப்ப வந்த?" என்றார். நிலூஷா என்னை அடுப்படிக்கு இழுத்தாள்.

"அத்த, அப்பா பெரட்டுக்களத்துல நடக்கல. மேமலைக்குப் போயி புல்லு வெட்டிக்கிட்டு வர்றாரு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. வெள்ளனா எந்திரிச்சா கட்டில்லயே கொஞ்ச நேரம் குந்திக்கிட்டு இருக்காரு."

நான் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு அந்தப் பாதையில் ஏறினேன். புல் வெட்டும் இடத்தை அடைய பதினாறு நிமிடங்கள் ஆயின. அங்கே நின்று மணிக்கட்டில் நாடி பிடித்தேன். நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு. என் இதயம் குறையற்றது. என் தலையில் புல்லுக்கட்டு இல்லை. எவருடைய விளக்கமும் இன்றி அவ்விடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. கால்கள் நடக்கின்றனவா என்பது ஒரு கேள்வி. அந்த நடையை இதயம் தாங்குமா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு ஷிஹாப் விடை கண்டிருந்தார். இரண்டாவது கேள்விக்குரிய கடிதத்தை நான் கோப்பினுள் வைத்திருந்தேன்.

கீழிறங்கி வந்து அண்ணனைக் கேட்டேன்.

"ஏன் அண்ணே இப்புடிச் செஞ்சீங்க? பாரம் தூக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே."

"புல்லு ஒரு பாரமா? கைய வீசிக்கிட்டு ரவுண்டு சுத்த வெக்கமா இருக்கு புள்ள. ஒரு அருவாளாச்சும் இருந்தாத்தான் மனுசன் மாதிரி இருக்கு."

"இனிமே போவாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

"சரி, போவல."

மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மூன்று வாரம் பிந்திய கடிதத்தோடு ஷஹ்மாவின் அறைக்குச் சென்று, மலைப்பாதை முதல் புல்லுக்கட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திகதியை நோக்கினார். பின்னர் என்னை நோக்கினார். கோபிக்கவில்லை.

"நடக்கக்குள்ள கதைக்க ஏலுமா அவருக்கு?"

"தெரியாது மிஸ்."

"இப்ப கோல் எடுங்க. சத்தத்தக் கூட்டி வைங்க."

நான் அழைத்தேன். நெடுநேரம் மணி ஒலித்தது. அண்ணனின் குரலுக்கு முன் காற்றின் ஓசை வந்தது.

"சொல்லு... புள்ள."

"எங்க இருக்கீங்க அண்ணே?"

"இந்தா... வீட்டுப்... பக்கந்தான்."

ஷஹ்மா தொலைபேசியருகே குனிந்தார். "அண்ணன், நான் ஷஹ்மா. நீங்க மலையில தானே நிக்கிறீங்க? பொய் சொல்ல வேணாம், ஒங்கட மூச்சு எனக்குக் கேக்குது."

மறுமுனையில் சிரிப்பும் இருமலும் கலந்து வந்தன. "மாடு... வாயில்லாதது... மா. அது கேக்குமா... சத்தியத்த?"

"தலையில ஈக்கிறத்தக் கீழ போடுங்க. அப்பிடியே ஒக்காருங்க. பத்து நிமிசம் எழும்ப வேணாம். நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லாட்டி, வியாழக்கிழம பத்து மணிக்கு என்னட்ட வாங்க. அது வரைக்கும் வீட்டுக்குள்ள மட்டும் நடங்க."

தொலைபேசியை வைத்தபின் அவர் கதிரையில் சாய்ந்தார். "அக்கா, மூணு சொல்லு சேத்துச் சொல்ல ஏலல்ல அவருக்கு. ஷிஹாப் நாநா பாக்குற, காலு நடக்குதா, எலும்பு பொருந்திச்சா, சளி வெளிய வருதாண்டு. அதெல்லாம் சரியாத்தான் செஞ்சீக்கிறாரு. நான் பாக்குற ஒண்ணே ஒண்ணு. எவ்வளவு வேல குடுத்தா இந்த இதயம் தாங்கும், எந்த எடத்துல தாங்காதுண்டு. அந்த எடம் தெரியாம ஒருத்தர நடங்கண்டு சொல்ல எனக்குப் பயம்."

"நான் பயப்படல மிஸ்" என்றேன்.

அவர் நாட்குறிப்பில் வியாழன் பத்து மணிக்கு எதிரே அண்ணனின் பெயரை எழுதினார். அன்று மாலை இதய சிகிச்சைப் பிரிவு மருத்துவருடன் தாமே பேசி, மாத்திரையொன்றின் அளவை மாற்றிப் பெற்றுத் தந்தார்.

நான் கறுப்பையாவை அழைத்து, வியாழன் வரை பசுவுக்குப் புல் வெட்டித் தருமாறு கேட்டுக்கொண்டேன். அண்ணி காலை முதல் மாலை நான்கரை வரை கொழுந்து மலையில் இருப்பார். வேறு ஆள் இல்லை. கறுப்பையா மறுக்கவில்லை. செவ்வாயும் புதனும் காலையில் ஏறிப் புல் வெட்டி வந்து, பட்டியின் முன் போட்டார். ஆனால் அவருடைய வாய் சும்மா இருக்கவில்லை.

"யோகு, ஒம் மாடு என்னையப் பாத்தா வெக்கப்படுது. புதுசா மாப்புள்ள வந்திருக்கான்னு நெனச்சிக்கிச்சோ என்னமோ!" என்று புதன்கிழமை காலை லயமே கேட்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார் என்று நிலூஷா சொன்னாள். தகப்பனை வியாழக்கிழமை கண்டிக்கு அழைத்துவருவதற்காக அவள் செவ்வாய் மாலையே வீட்டுக்கு வந்திருந்தாள்.

புதன் இரவு உணவின்போது அண்ணன், "நாளைக்கும் அவன்கிட்ட புல்லு வாங்கித் திங்கணுமா நம்ப மாடு?" என்றாராம். அண்ணி, "வாங்கித் தின்னா என்னா, கொம்பா ஒடஞ்சிரும்?" என்றாராம். பேச்சு அத்தோடு முடிந்தது.

மார்ச் 7 ஆம் திகதி, வியாழக்கிழமை. நிலூஷா ஆறரை மணிக்கு எழுந்தபோது அண்ணி பிரட்டுக்குப் போய்விட்டிருந்தார்; தகப்பன் கட்டிலில் இல்லை. கழிவறைக்குப் போயிருப்பார் என்று எண்ணி அவருடைய சட்டையை மடிப்பு நீங்க அழுத்தி வைத்தாள். ஏழு மணி கடந்து மாட்டுப்பட்டியைப் பார்த்தாள். அரிவாள் இல்லை. அவள் கத்திக்கொண்டு ஓடி, புல் வெட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த கறுப்பையாவிடம் சொன்னாள். கறுப்பையா அவளை முந்திக்கொண்டு பாதையில் ஏறினார்.

எனக்கு அழைப்பு வந்தது எட்டு மணிக்குச் சற்று முன். நான் பேராதனையில், கலஹா பஸ் வந்து நிற்குமிடத்தில், அவர்களை எதிர்கொண்டு அழைத்துச் செல்லக் காத்திருந்தேன். அதே பஸ்ஸில் ஏறி எதிர்த்திசையில் போனேன்.

தோட்டத்து லொறியில் அவரைக் கொண்டுசென்றிருந்தது ஒரு சிறிய வைத்தியசாலைக்கு. நான் சேரும்போது வெள்ளைத் துணி போர்த்திவிட்டிருந்தார்கள். கொழுந்து மலையிலிருந்து நேராக வந்த அண்ணி, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை அவிழ்க்காமல் சுவரோடு அமர்ந்திருந்தார். அவர் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நடக்கச் சொன்னீங்க. நடந்தாரு" என்றார்.

அதில் குற்றச்சாட்டின் தொனி சிறிதும் இல்லை. நடந்ததை ஒருவர் மற்றவருக்கு அறிவிப்பது போலவே சொன்னார். நிலூஷா மட்டும், "அம்மா, பேசாம இரு" என்றாள். என் அருகே வரவில்லை.

பத்து மணி கடந்து என் தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, அண்ணன் வந்திட்டாரா? நான் மெசின் எல்லாம் ரெடி பண்ணி வெச்சீக்கிறன்."

நான் சொன்னேன். மறுமுனையில் ஷஹ்மா "இன்னா லில்லாஹி..." என்று மரணச் செய்திக்குரிய வாசகத்தைத் தொடங்கியது கேட்டது. நான் தொலைபேசியை அணைத்தேன்.

ஓர் இளம் மருத்துவர் படிவமொன்றோடு வந்தார். கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். சுவரோரம் நின்ற கறுப்பையா முன்னால் வந்தார். அவருடைய சட்டையின் முன்பக்கம் பனியில் நனைந்து, புல் ஒட்டியிருந்தது.

"நாங்க போவக்குள்ள கட்டு ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம் கெடந்தான். தலைய மடியில தூக்கி வச்சேன். கண்ணு தொறந்திருந்திச்சி. என்னையப் பாத்து என்னமோ சொல்ல வந்தான், வார்த்த வரல. 'பேசாதடா, பேசாதடா'ன்னேன். மூச்சு இழுத்திச்சி. ஒரு தடவ. அப்புறம் இன்னொரு தடவ. அப்ப பேக்டரில சங்கு ஊதிச்சி. ஊதி முடிஞ்சப்ப மூச்சு இல்ல."

"அந்தச் சங்கு எத்தன மணிக்கு ஊதும்னு கேக்குறாரு" என்றேன். அது எனக்கு நன்கு தெரிந்திருந்தும், அவரே சொல்லட்டும் என்று நின்றேன்.

கறுப்பையா சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மருத்துவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே படிவத்தில் அதனை எழுதினார்: காலை 7 மணி 30 நிமிடம்.